டெல்லியில் ஒரே ஒரு நாள்: எந்த மியூசியம், எந்த நினைவிடம், எதை விடலாம்?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹரித்வார் போய்விட்டுத் திரும்பும் வழியில் கணவன் மனைவி இருவருக்கும் டெல்லியில் காலை முதல் இரவு வரை ஒரு நாள் கிடைக்கிறது, இரவு சென்னைக்கு ரயில். கணவருக்கு மியூசியம் என்றால் உயிர், ஒவ்வொரு பலகையையும் நின்று படிப்பவர். மனைவி வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: "சமாதி சமாதியாக அலைய முடியாது." கணவர் போட்ட பட்டியலில் ராஜ்காட், செங்கோட்டை, நேஷனல் மியூசியம், பிரதமர்கள் அருங்காட்சியகம், இந்திரா காந்தி நினைவு இல்லம், ரயில் மியூசியம், இந்தியா கேட், குதுப் மினார் என்று எட்டு இடங்கள். எந்த வரிசையில் போனால் எட்டும் முடியும் என்பது கேள்வி.

எந்த வரிசையில் போனாலும் முடியாது. டெல்லியில் ஒரு பகலில் உருப்படியாக நான்கு இடம் பார்க்கலாம், அதற்கு மேல் போனால் வாசலில் செல்ஃபி எடுத்த கணக்குதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் மனைவி கட்சி. யமுனைக் கரையில் வரிசையாக இருக்கும் தலைவர்களின் சமாதிகள் எல்லாம் பெரிய புல்வெளி, நடுவில் ஒரு கல், அவ்வளவுதான். மரியாதைக்காகப் போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், எந்த அறையிலிருந்து கிளம்பி எந்த இடத்தில் விழுந்தார் என்பது அங்கே தெரியாது. அது அவர்கள் வாழ்ந்த வீடுகளில்தான் தெரியும், அந்த வீடுகளில் முக்கியமான இரண்டு ஒன்றுக்கொன்று ஆட்டோவில் ஐந்து நிமிட தூரத்தில் இருக்கின்றன. அதனால் என் நான்கு: காலையில் இந்திரா காந்தி நினைவு இல்லம், அடுத்து காந்தி ஸ்மிருதி (உங்கள் பட்டியலில் இது இல்லாததுதான் எனக்கு வருத்தம்), மதியம் நேஷனல் மியூசியம், சாயங்காலம் தேசியப் போர் நினைவிடம், அதை ஒட்டியே இந்தியா கேட்.

கிழமையை முதலில் பாருங்கள். திங்கட்கிழமை என்றால் இந்தத் திட்டம் அப்படியே படுத்துவிடும். இந்திரா இல்லம், காந்தி ஸ்மிருதி, நேஷனல் மியூசியம், பிரதமர்கள் அருங்காட்சியகம், ரயில் மியூசியம், செங்கோட்டை எல்லாமே திங்கள் விடுமுறை. அன்றுதான் உங்கள் நாள் என்றால் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம் என்று பகலை ஓட்டிவிட்டு மாலையில் போர் நினைவிடத்துக்கு வாருங்கள், அது எல்லா நாளும் உண்டு. ஜனவரி பிற்பாதியில் குடியரசு தின ஒத்திகைக்காக, இந்தியா கேட்டுக்குப் போகும் கர்தவ்ய பாதையை (பழைய ராஜபாதை) அடிக்கடி அடைத்துவிடுவார்கள். ஜனவரி 30 அன்று காந்தி ஸ்மிருதிக்கும் அக்டோபர் 31 அன்று இந்திரா இல்லத்துக்கும் பெரிய தலைகள் அஞ்சலி செலுத்த வருவார்கள், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

புது டெல்லி ஸ்டேஷனில் இறங்கியதும் பெட்டிகளை கிளாக் ரூமில் போட்டுவிடுங்கள், பெரிய பையோடு இந்த இடங்கள் எதற்குள்ளும் நிம்மதியாக நுழைய முடியாது. ஸ்டேஷனிலிருந்தே மெட்ரோ மஞ்சள் வழித்தடம், வண்டி மாறாமல் லோக் கல்யாண் மார்க் ஸ்டேஷன் வரை போகலாம். அங்கிருந்து ஆட்டோ. "1, சப்தர்ஜங் ரோடு" என்றால் தெரியாத ஆட்டோக்காரர் இல்லை.

இந்திரா இல்லத்தை ஒன்பதரைக்குத் திறந்தவுடன் பார்த்துவிட வேண்டும். பத்தரைக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வரும், அப்புறம் கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போய் வெளியே விட்டுவிடும். பிரதமராக இருந்தபோது இந்திரா வாழ்ந்த வீடு இது. அரண்மனை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம், ஒரு பெரிய அதிகாரியின் பங்களா அளவுதான். படிக்கும் அறை, சாப்பாட்டு அறை எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் அப்படியே இருக்கின்றன, புத்தக அலமாரிதான் எனக்குப் பிடித்த இடம். முன் அறைகளில் பழைய செய்தித்தாள் பக்கங்களும் படங்களும் நிறைய, கணவர் இங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிடும் ஆபத்து உண்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள்.

1984 அக்டோபர் 31 காலை ஒன்பது மணிக்கு மேல், இந்திரா இந்த வீட்டிலிருந்து பக்கத்தில் அக்பர் ரோடு அலுவலகத்துக்குத் தோட்டப் பாதை வழியாக நடந்து போனார். அங்கே பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் உஸ்தினோவ் ஒரு பேட்டிக்காகக் காத்திருந்தார். நடுவில் இருக்கும் சிறு கேட் அருகே சொந்தக் காவலர்களே சுட்டார்கள். அவர் கடைசியாக நடந்த பாதை முழுவதையும் இப்போது படிகக் கண்ணாடியால் மூடியிருக்கிறார்கள், விழுந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். அன்று கட்டியிருந்த சேலையும் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

ராஜீவ் காந்தி பகுதியும் இதே வீட்டில்தான். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் அவர் போட்டிருந்த உடையின் மிச்சமும் காலணியும் வைத்திருக்கிறார்கள். வட இந்தியக் கூட்டம் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், நமக்கு அப்படி முடிவதில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்த நினைவிடத்தை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்து போயிருப்போம், அதன் மறுபாதி இங்கே இருக்கிறது. மனம் கனத்துப்போகும் பகுதி, மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்றால் தோட்டத்தில் காத்திருக்கட்டும்.

அடுத்து காந்தி ஸ்மிருதி. ஆட்டோவில் "தீஸ் ஜனவரி மார்க்" என்று சொல்லுங்கள், சாலைக்கே ஜனவரி 30 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய பிர்லா மாளிகை இது. கல்கத்தாவில் கலவரத்தை அடக்கிவிட்டு 1947 செப்டம்பரில் டெல்லிக்கு வந்த காந்தி, தன் கடைசி 144 நாட்களை இங்கே கழித்தார். கடைசி உண்ணாவிரதம் 1948 ஜனவரி 13-ல் தொடங்கியது இங்கேதான், 18-ல் முடித்ததும் இங்கேதான். 20-ம் தேதி பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பத்து நாள் கழித்து அதே கும்பல் திரும்பி வந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் இந்தத் தோட்டம் வேறு மாதிரி தெரியும், தெரியாமல் போனால் நல்ல புல்வெளி என்று தோன்றும்.

உள்ளே முதலில் அவர் அறைக்குப் போங்கள். தரையில் மெத்தை, சின்ன மேஜை, ராட்டை, கைத்தடி, மூக்குக்கண்ணாடி. கோடீஸ்வரர் வீட்டில் தங்கியிருந்தவருடைய அறை இது. அங்கிருந்து தோட்டத்துக்குள் அவர் கடைசியாக நடந்த வழியில் காலடித் தடங்களை சிமென்ட்டில் பதித்திருக்கிறார்கள். அன்று படேலோடு பேச்சு நீண்டுபோனதால் பிரார்த்தனைக்குத் தாமதம், நேரம் தவறுவது அவருக்குப் பிடிக்காது, கூட வந்த உறவுப் பெண்கள் மனு, ஆபா இருவர் தோளிலும் கை வைத்தபடி வேகமாக நடந்து வந்தார். மாலை 5.17. தடங்கள் நின்றுபோகும் இடத்தில் ஒரு தூண் நிற்கிறது. அதற்கு விளக்கப் பலகை எதுவும் தேவையில்லை, பலகை படிக்கும் கணவருக்கும் இங்கே வேலையில்லை.

அப்போது காந்திக்குச் செயலாளராக இருந்தவர் ஒரு தமிழர், வி. கல்யாணம். சுடப்பட்ட நேரத்தில் மிக அருகில் இருந்தவர், பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 2021-ல் தன் 98-வது வயதில் காலமானார். ராஜ்காட் கல்லில் பொறித்திருக்கும் "ஹே ராம்" பற்றிக் கேட்டவர்களிடம், அந்தக் களேபரத்தில் தன் காதில் எதுவும் விழவில்லை என்றுதான் சொல்லிவந்தார். காந்தி அப்படிச் சொன்னாரா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. நேரில் நின்றவரே தனக்குக் கேட்டதை மட்டும் சொன்னார் பாருங்கள், அதைத்தான் குறிப்பிட விரும்பினேன்.

மாடியில் தொட்டால் ஒலிக்கிற, அசைகிற நவீனக் காட்சிப் பொருட்கள் நிறைய இருக்கின்றன. குழந்தைகள் கூட இருந்தால் போங்கள், நீங்கள் இருவர் மட்டும் என்றால் விட்டுவிடலாம். அந்த நேரத்தைத் தோட்டத்தில் உட்கார்ந்து கழியுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, கூட்டமும் இந்திரா இல்லத்தில் இருப்பதில் கால்வாசி கூட இருக்காது. டெல்லிக்கு வரும் நம் ஆட்கள் ராஜ்காட்டை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுவது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த இடத்தில் கணவர் கேட்பார், பக்கத்தில்தானே தீன்மூர்த்தி பவன், பிரதமர்கள் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாமே என்று. 2022 ஏப்ரல் 14-ல் திறந்தது. நேருவில் தொடங்கி எல்லாப் பிரதமர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், திரை, ஒளி, ஒலி என்று தொழில்நுட்பம் பிரமாதம். ஆனால் சரியாகப் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும், அதற்குள் போனால் நேஷனல் மியூசியத்தை மறந்துவிட வேண்டியதுதான். என் கருத்து, அங்கே புதுக் கட்டடத்தைவிடப் பழைய வீடுதான் பார்க்க வேண்டியது: ஆங்கிலேயத் தளபதிக்காகக் கட்டியது, 1964-ல் இறக்கும்வரை நேரு அதில்தான் இருந்தார். அரசியலில் உங்களுக்குத் தீராத ஆர்வம், சிற்பத்தில் சுத்தமாக இல்லை என்றால் மட்டும் நேஷனல் மியூசியத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் என்று ஆரம்பித்தால் சாயங்காலம் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மாட்டீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அசோகா ரோடு ஆந்திரா பவன் கேண்டீன். பருப்புப்பொடி, நெய், கோங்குரா என்று நம் நாக்குக்குத் தெரிந்த சாப்பாடு, கேட்கக் கேட்கப் போடுவார்கள். ஒரு வாரமாக ரொட்டியும் ஆலுவும் தின்று வருகிறவர்களுக்கு அது சொர்க்கம். பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், ஒரு மணிக்கு மேல் வரிசை பெரிதாகிவிடும், ஞாயிறு என்றால் பிரியாணிக் கூட்டம் வேறு. வரிசை பொறுமையைச் சோதித்தால் கன்னாட் பிளேஸ் பக்கம் இட்லி தோசைக் கடைகள் இருக்கின்றன, ஆனால் போய்த் திரும்ப நேரம் போகும்.

நேஷனல் மியூசியத்தில்தான் தம்பதிகளுக்குள் சண்டை வரும். ஒருவர் ஒவ்வொரு முத்திரையின் காலத்தையும் படிப்பார், இன்னொருவர் மூன்றாவது அறையில் நாற்காலி தேடுவார். என் யோசனை: உள்ளே நுழைந்ததும் பிரிந்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம், அவரவர் வேகத்தில், அவரவருக்குப் பிடித்த கூடத்தில். பிறகு வெண்கலச் சிலைக் கூடத்தில் நடராஜர் முன்னால் சந்தியுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, சேர்ந்து பார்க்கத்தானே வந்தோம் என்பார்கள். தனித்தனியாகப் பார்த்துவிட்டு வந்து "நீ அதைப் பார்த்தாயா" என்று இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவதில் இருக்கும் சுவாரசியம், ஒருவர் பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு நடப்பதில் கிடையாது.

பிரிந்தாலும் இருவரும் தவறவிடக் கூடாதவை சில. கீழ்த்தளத்தில் சிந்துவெளிக் கூடம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் பக்கம் முழுக்க அச்சடித்திருந்த மொகஞ்சதாரோ நடனப் பெண், நேரில் வெறும் 10.5 சென்டிமீட்டர். பெரிய சிலையைத் தேடிக்கொண்டே போகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1926-ல் தோண்டி எடுத்தது, வயது ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டு, இடுப்பில் கை வைத்து நிற்கும் அந்தத் திமிர் இன்னும் குறையவில்லை. பசுபதி முத்திரை என்று சொல்லப்படுவதும் இதே அருங்காட்சியகத்தின் சொத்துதான், அதுவும் சின்னது.

வெண்கலக் கூடத்துக்கு வந்தால் நம் ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் திருவரங்குளத்தில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டு நடராஜரை நிதானமாகப் பாருங்கள். நாம் சிதம்பரத்திலும் காலண்டரிலும் பார்த்துப் பழகிய, இடது காலைக் குறுக்கே தூக்கிய கோலம் இல்லை இது. சதுர தாண்டவம், இரண்டு முழங்காலும் மடிந்து, தூக்கிய திருவடி இல்லாமல் ஆடுகிறார். சோழர் வெண்கலத்தில் அந்தத் தூக்கிய கால் கோலம்தான் எங்கும் நிறைந்திருக்கிறது, இது அபூர்வம். காளியன் தலைமேல் ஆடும் கண்ணனும் சோழர் காலத்து வெண்கலம்தான், அதையும் பாருங்கள். கோயிலில் இந்தத் திருமேனிகளை அலங்காரத்துக்கு அடியில்தான் பார்த்திருப்போம், முகமும் கையும் தவிர எதுவும் தெரியாது. இங்கே பட்டும் மாலையும் இல்லாமல் முதுகுப் பக்கம் வரை சுற்றிவந்து பார்க்கலாம். தெய்வத்தைக் கண்ணாடிக்குள் வைத்ததைப் பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம், எனக்கும் சில நாள் இருக்கும்.

வெளியே வளாகத்தில் பெரிய மரத்தேர் ஒன்று நிற்கிறது, கும்பகோணத்துத் தேர் என்று சொல்கிறார்கள். டெல்லிக்காரர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், நமக்கு அது கோயில் வாசலில் தகரக் கொட்டகைக்குள் தினமும் பார்ப்பது. இங்கே எப்போது போனாலும் ஏதாவது ஒரு கூடம் பராமரிப்பு என்று பூட்டியிருக்கும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த அருங்காட்சியகத்தையே நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, அதனால் போகும் வாரத்தில் அவர்கள் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நாலரை, ஐந்து மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் இந்தியா கேட் பக்கம்தான். வெயில் காலம் இல்லையென்றால் கர்தவ்ய பாதையில் நடந்தே போகலாம். இந்தியா கேட் 42 மீட்டர் உயரம், ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது, 1931-ல் திறந்தது, முதல் உலகப் போரிலும் ஆப்கானிஸ்தான் போரிலும் செத்த பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆனால் உயரத்தில் இருக்கும் அந்தப் பெயர்களைத் தரையிலிருந்து படிக்க முடியாது. பின்னால் இருக்கும் விதானத்தில் ஒரு காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், இப்போது 2022 முதல் கருங்கல் நேதாஜி. இங்கே பத்து நிமிடம் போதும்.

அதன் பின்பக்கம் இருக்கும் தேசியப் போர் நினைவிடத்துக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது. வடிவமைப்புப் போட்டியில் வென்றது சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசனின் குழு, இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், நடுவில் அணையாத சுடர் எரியும் தூண். இந்தியா கேட் அடியில் 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில் இந்தச் சுடரோடுதான் சேர்த்தார்கள். தியாகச் சக்கரம் என்ற வட்டத்தில் கிரானைட் கற்களில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், ஒரு கல்லுக்கு ஒரு பெயர், கண் மட்டத்திலேயே. தமிழ்ப் பெயர்களைத் தேடிப் படித்துக்கொண்டே நடங்கள், முனுசாமி, ஆறுமுகம் மாதிரியான பெயர்களை அங்கே பார்க்கும்போது ஒரு கணம் நின்றுவிடுவீர்கள். சொந்த ஊர்க்காரர் யாருடைய பெயராவது தேட வேண்டும் என்றால் திரையில் தட்டித் தேடவும் வசதி இருக்கிறது.

பக்கத்திலேயே பரம யோதா ஸ்தல். பரம வீர சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள். அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பாருங்கள், சென்னை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்றவர், அமைதிப்படையில் போய் 1987 நவம்பரில் இலங்கையில் இறந்தவர். தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர் அந்த மண்ணில் அந்தச் சண்டையில் செத்து இந்த வரிசையில் இருக்கிறார் என்பதில் இருக்கும் சிக்கல் சிலைக்குக் கீழே எழுதியிருக்காது, நமக்குத்தான் தெரியும். சூரியன் மறைவதற்கு முன்னால் கொடியிறக்கும் நிகழ்ச்சி தினமும் நடக்கும், இறந்த ஒரு வீரரின் குடும்பத்தை அழைத்து மலர்வளையம் வைக்கச் சொல்வார்கள். நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், வாசலில் நுழையும்போதே காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே அங்கே இருப்பது நல்லது. கட்டணம் இல்லை.

விட்ட இடங்களைப் பற்றி. ராஜ்காட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இந்த நான்கும் புது டெல்லிக்குள், அது தனியாக யமுனைப் பக்கம். போவதாக இருந்தால் அதற்கு எதிரே இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்காகப் போங்கள், காந்தியின் உடலைத் துளைத்த தோட்டாக்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ரத்தக்கறை படிந்த ஆடை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்றால் டெல்லி வரை வரவே வேண்டாம், மதுரை காந்தி மியூசியத்திலேயே இருக்கிறது. செங்கோட்டைக்கு அரை நாள் வேண்டும், அங்கே நேதாஜி, ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) அருங்காட்சியகம் இருக்கிறது, மலேயாவிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்களை நினைத்தால் நமக்கு நெருக்கமான இடம்தான், இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் மியூசியம் அருமையானது, ஆனால் அன்று இரவே முப்பது மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் உட்காரப் போகிறீர்கள், போதாதா?

ஆட்டோ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "நாள் முழுக்க நானே கூட்டிப் போகிறேன், கொடுப்பதைக் கொடுங்கள்" என்பவரோடு ஏறாதீர்கள், நடுவில் கம்பளிச் சால்வைக் கடைக்கும் கைவினைப் பொருள் எம்போரியத்துக்கும் போய்த்தான் நிற்பார், அவருக்கு அங்கே கமிஷன். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக ஆப்பில் பிடியுங்கள். இந்தி தெரியவில்லை என்று பயப்பட வேண்டியதில்லை, இடத்தின் பெயரைச் சொன்னால் போதும், உள்ளே பலகைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மே, ஜூன் என்றால் மதியம் வெளியில் தலைகாட்டவே முடியாது, அதனால்தான் மியூசியத்தை மதியத்தில் வைத்திருக்கிறேன். நவம்பரில் புகைமூட்டம், மாஸ்க் கொண்டுபோங்கள். டிசம்பர், ஜனவரி பனியில் ரயிலே தாமதமாகும், கிளம்பும் முன் வண்டி நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

இரவு ரயில் ஒன்பது மணிக்கு மேல் என்றால் ஏழு மணிக்கு இந்தியா கேட் பகுதியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மாலை நேர நெரிசலில் ஸ்டேஷன் வரை ஆட்டோவில் போவதைவிட, சென்ட்ரல் செக்ரடேரியட் வரை மட்டும் ஆட்டோ, அங்கிருந்து மஞ்சள் மெட்ரோ என்பது பாதுகாப்பான கணக்கு. கிளாக் ரூமில் பெட்டி எடுக்கவும் வரிசை இருக்கும், அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.